வயலில் கிடைத்த பழைய பொத்தான், பக்கிள், கொக்கி: காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குகிற எவருக்கும் முதலில் கிடைப்பது பொத்தான். இரண்டாவதும் பெரும்பாலும் பொத்தான்தான். அதற்கப்புறம் நாக்கில்லாத ஒரு பக்கிள், பாதி உடைந்த கொக்கி, என்னவென்றே புரியாத ஒரு சுருட்டிய தகடு. காசும் மோதிரமும் பிறகு வரலாம், வராமலும் போகலாம். அதனால் இதில் இறங்குகிறவர்கள் முதலில் பழக வேண்டியது துணியை மாட்டப் பயன்பட்ட இந்தச் சில்லறைச் சாமான்களைத்தான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஆங்கிலக் கையேடுகள் ஏற்கெனவே பாதி தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்வார்கள். முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் எந்த உலோகமானாலும், தொல்பொருள் என்றால் அறிவித்தே ஆக வேண்டும். வட அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டவே கூடாது.

1. தோண்டும் முன் காகிதம்

நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லும் அனுமதிதான், ஆனால் நாளைக்கு ஏதாவது கிடைத்துவிட்டால் வாய்ச்சொல்லுக்கு ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த வயல்கள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது, இருவர் கையெழுத்து. புதையல் சட்டத்துக்குள் (11ஆம் படியில் சொல்கிறேன்) வராத பொருளெல்லாம் சட்டப்படி நிலக்காரருக்கே சொந்தம். ‘பொத்தானையெல்லாம் நீயே வைத்துக்கொள்’ என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்தால் அது திருட்டு வழக்கு.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர் குத்தகைக்காரராக இருப்பார், நிலம் வேறொரு எஸ்டேட்டுக்குச் சொந்தமாக இருக்கும். இருவருடைய சம்மதமும் வேண்டும். அரசின் சுற்றுச்சூழல் மானியத் திட்டத்தில் சேர்ந்த நிலமென்றால் டிடெக்டருக்கு நிபந்தனைகள் இருக்கலாம். அதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வரைபடம். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற தொல்லியல் அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தோண்டினாலும் தோண்டாவிட்டாலும். அரசின் ‘மேஜிக்’ என்ற இணைய வரைபடத்தில் வயலைத் தேடினால் அந்த எல்லைகள் தெரியும். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேம்ஸ் ஆற்றங்கரையில் குனிந்து பொறுக்குவதற்குக்கூட லண்டன் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் வேண்டும்.

பொதுப்பொறுப்புக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் அமைப்பில் சேர்ந்தால் உறுப்பினர் கட்டணத்திலேயே அது அடங்கும். கட்டணம் பெரிதில்லை, ஆனால் அந்த அட்டையைக் காட்டினால்தான் பல விவசாயிகள் பேச்சையே தொடர்வார்கள்.

பருவம்: கோதுமை அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் அரிதாள் நிற்கும் சில வாரங்கள்தான் பொற்காலம். இலையுதிர் விதைப்பு ஆரம்பித்துவிட்டால் அந்த வயல் அடுத்த ஆண்டுதான். வசந்தத்தில் விதைக்கும் வயல்கள் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். ஆகவே அனுமதி கேட்டுப் போக வேண்டியது மே, ஜூனில். ஆகஸ்ட்டில் போனால் விவசாயிக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது.

2. எடுத்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்

கைபேசியில், பிரிட்டிஷ் வரைபடத்தில் இடத்தைச் சொல்லும் தேசிய கட்டக் குறியீட்டைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். எட்டு இலக்கமாவது வேண்டும், அது பத்து மீட்டர் சதுரத்தைக் காட்டும். பத்து இலக்கம் இன்னும் நல்லது. சிறிய ஜிப் பையில் பொருளைப் போட்டு, பையின் மேல் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டினால், எது எங்கே கிடைத்தது என்ற விஷயம் அன்றோடு போய்விடும். இடம் தெரியாத பொருளை, கண்டெடுத்தவற்றைப் பதிந்துகொள்ளும் மாவட்டப் பதிவு அலுவலர் கையில் கொடுத்தால் அவருக்கும் பெரிதாகப் பயனில்லை.

மண்ணோடு விரலால் தேய்த்துப் பார்க்கிற பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். முலாம் பூசிய பொத்தானில் மிச்சமிருக்கும் பொன் மணல் பட்டால் போய்விடும். அந்த முலாம் காலம் சொல்லும் அடையாளங்களில் ஒன்று.

3. புளியைத் தொடாதீர்கள்

நமக்குப் பித்தளையைக் கண்டால் கை தானாகவே புளிக்குப் போகும். குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி புளி, எலுமிச்சை, வினிகர், பீதாம்பரி என்று எதையும் இவற்றின் மேல் காட்டாதீர்கள். பல நூறு ஆண்டு மண்ணில் கிடந்த செம்புக் கலவைக்கு அந்தப் பச்சைப் படலம்தான் தோல். எழுத்தும் கோடும் பல சமயம் அந்தத் தோலில் மட்டுமே மிஞ்சியிருக்கும். புளி அதைத் தின்றுவிட்டால் கீழே இருப்பது குழிகுழியான இளஞ்சிவப்பு உலோகம். பிறகு யார் வந்தாலும் படிக்க முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மண்ணை நன்றாகக் காயவிடுங்கள், மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இடுக்கில் இருப்பதைப் பல்குத்தும் மரக்குச்சியால் நெம்புங்கள். தேவையென்றால் கொஞ்சம் வடிநீர், உடனே உலர்த்தல். பின்பக்கத்தில் இரும்புத் துரு கட்டியாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது ஊசியோ நாக்கோ இருந்த இடம், அதுவும் ஒரு சாட்சி. வெளிர்பச்சையில் மாவு போலப் பூக்கிற புள்ளிகள் தெரிந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம்தான் அந்த நோயை வளர்க்கும். ஈயமோ வெள்ளீயக் கலவையான பியூட்டரோ தொட்டால் சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள்.

4. மேசைக்கு என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு காட்டும் நகைக்கடை லென்ஸ், டிஜிட்டல் காலிப்பர், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பக்கவாட்டில் வெளிச்சம் தருகிற ஒரு மேசை விளக்கு. எல்லாம் சேர்த்து நாற்பது, ஐம்பது பவுண்டுக்குள் முடியும். விலை உயர்ந்த நுண்ணோக்கி வாங்க வேண்டாம். தேய்ந்த எழுத்தைப் படிக்க மேலிருந்து விழும் வெளிச்சத்தைவிடத் தாழ்வாகப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் உதவும். டார்ச்சை மேசையோடு படுக்கவைத்துப் பொருளை மெல்லச் சுழற்றினால், ஒன்றுமில்லாத முகத்தில் திடீரென்று ஒரு கிரீடத்தின் விளிம்பு எழும்.

5. உலோகம் எது?

பச்சை நிறமென்றால் செம்புக் கலவை. வெண்கலமா பித்தளையா என்று கண்ணால் பிரிக்க முயல வேண்டாம். அருங்காட்சியகக்காரர்களே ‘செம்புக் கலவை’ என்று பொதுவாகத்தான் எழுதுகிறார்கள். சாம்பல் வெள்ளையாக, மென்மையாக, விளிம்பு பொடிந்து இருந்தால் பியூட்டர் அல்லது ஈயக் கலவை. வெள்ளி மண்ணிலிருந்து கறுப்பாகவோ ஊதா சாயலிலோ வரும், சில நேரம் பளிச்சென்றும் வரும்.

இந்தப் பளிச்சில்தான் புதியவர்கள் ஏமாறுவது. தோண்டியவுடன் துருப்பிடிக்காத, வெள்ளி போல மின்னும் தட்டையான பொத்தான் வந்தால் அது அநேகமாக ‘டாம்பக்’, 18ஆம் நூற்றாண்டில் பரவலாகச் செய்யப்பட்ட வெளிர் நிறச் செம்பு–துத்தநாகக் கலவை. வெள்ளிப் பொத்தான்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அரிது. சின்ன வெள்ளிச் சாமான்களில் முழு ஹால்மார்க் வரிசையை எதிர்பார்க்க முடியாது. செய்தவரின் எழுத்து மட்டும் இருக்கும், அதுகூட இல்லாமலும் இருக்கும். மின்முலாம் 1840களில் வந்தது. வெள்ளிப் பூச்சு உரிந்து கீழே வேறு உலோகம் எட்டிப் பார்த்தால் அதையும் நினைவில் வையுங்கள்.

6. பொத்தானின் முதுகைப் பாருங்கள்

முகத்தில் பூ இருக்கும், சக்கரம் இருக்கும், பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. முகத்தின் அலங்காரம் நூறு ஆண்டு கழித்தும் மறுபடி வரும். பின்பக்கம் அப்படியல்ல. காதை எப்படிப் பொருத்தினார்கள் என்பது அந்தந்தக் காலத்துப் பட்டறையின் வேலை. எனவே முதலில் திருப்புங்கள். நூல் கோக்கிற வளையத்தைத்தான் காது என்கிறேன்.

பொத்தானும் காதும் ஒரே வார்ப்பாக, சின்னதாக, கனமாக, குவிந்த முகத்தோடு இருந்தால் பழையது. இந்த வகை இடைக்காலத்திலேயே தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை வருகிறது. குறுக்களவு பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இதைத்தான் ஆட்கள் ‘ஏதோ ஆணித்தலை’ என்று வேலியோரம் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்தது கூம்பு மேடு. டாம்பக் பொத்தானை லென்ஸுக்கு அடியில் வைத்தால் நடுவில் கூம்பாக எழும்பிய ஒரு மேடு தெரியும், அதன் உச்சியில் கம்பிக் காது புதைந்திருக்கும். மேட்டைச் சுற்றி, கடைசல் உளி பட்ட நுண்ணிய வட்டக் கோடுகள் விளிம்பு வரை ஓடும். வார்த்து, கடைந்து முடித்த வேலை அது. கம்பி பெரும்பாலும் ஒடிந்திருக்கும். உச்சியில் இரண்டு புள்ளிகளாக அதன் அடி மட்டும் நிற்கும். இது 18ஆம் நூற்றாண்டு. இதே காலத்தின் பிற்பகுதியில் கோட்டுக்கு வைத்த பெரிய தட்டைப் பொத்தான்கள், 25 முதல் 35 மி.மீ. வரை, முகத்தில் கையால் செதுக்கிய கோலங்களோடு கிடைக்கும். இங்கத்தியர்கள் ‘டேண்டி’ என்று அழைப்பது இவற்றைத்தான்.

மேடு இல்லாமல் தட்டையான முதுகில் கம்பிக் காதைப் பற்றவைத்திருந்தால் கம்பியின் பாதத்தைப் பாருங்கள். முனைகள் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்தோ குறுக்கிட்டோ இருந்தால் பொதுவாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. முனைகள் இரண்டும் வெளிப்பக்கமாக மடங்கி, பாதம் விரித்து நின்றால் அநேகமாக 19ஆம் நூற்றாண்டு. இந்த எல்லை கறாரானதல்ல. பழைய முறையை விடாத பட்டறைகள் எப்போதும் இருந்தன. பாதத்தைச் சுற்றிய பள்ளத்தில் பொன்முலாம் துளி ஒன்றாவது ஒட்டியிருக்கிறதா என்று இதோடு பார்த்துவிடுங்கள். தேயாத ஒரே இடம் அதுதான்.

மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி, விளிம்பைப் பின்தகட்டின் மேல் மடித்த இரண்டு துண்டுப் பொத்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிந்தியது. உள்ளே வெற்றிடம், கையில் வைத்தால் கனமே இருக்காது, ஏர் பட்டால் நசுங்கியிருக்கும். குழிந்த நடுவில் நான்கு துளைகள், சுற்றிலும் எழுத்து என்றால் கால்சட்டைப் பொத்தான், 19ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 20இன் தொடக்கம். சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த எழுத்து பல நேரம் தையற்காரரின் பெயரும் ஊரும். பழைய வணிகக் கையேடுகளில் அந்தப் பெயரைத் தேடினால் கடை இருந்த தெரு வரை போகலாம். ஆயிரம் ஆண்டு பழைய பொருளிலும் கிடைக்காத திருப்தி எனக்கு இதில் உண்டு.

7. எழுத்து, எண், கிரீடம்

பின்பக்கத்தில் ‘டிரெபிள் கில்ட்’, ‘ஸ்டாண்டர்ட் கலர்’, ‘ரிச் ஆரஞ்சு’ என்று வட்டமாக எழுதியிருந்தால் அது பெயரல்ல, முலாமின் தரத்தைப் பற்றிய விளம்பரம். மட்டமான முலாமைத் தடுக்க 1796இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. இந்தச் சொற்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19இன் முதற்பாதி வரை மிகுதி. ஃபர்மின், ஜென்னன்ஸ் போன்ற தயாரிப்பாளர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் காலத்துக்குக் காலம் மாறியதால், அந்தப் பட்டியல்களோடு ஒப்பிட்டு ஒரு இருபது ஆண்டுக்குள் சுருக்கலாம்.

விலங்குத்தலை, கையில் வாள், கிரீடத்தின் மேல் பறவை என்றிருந்தால் பட்டாளம் என்று குதிக்க வேண்டாம். பணக்கார வீட்டு வேலைக்காரர்களின் சீருடைப் பொத்தானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டாளப் பொத்தானுக்குச் சில உறுதியான படிகள் இருக்கின்றன. படைப்பிரிவு எண்ணைப் பொத்தானில் பொறிக்கும் ஆணை 1767இல் வந்தது. சாதாரணச் சிப்பாய்களுக்கு 1855 வரை பியூட்டர், அதன்பின் பித்தளை. 1871இல் சிப்பாய்களின் காலாட்படைப் பொத்தானில் எண் போய் அரச சின்னம் வந்தது. 1881இல் படைப்பிரிவுகள் எண்ணை விட்டுப் பெயருக்கு மாறின. ஆக, எண் போட்ட பியூட்டர் என்றால் 1767க்கும் 1855க்கும் இடையில். கடற்படை நங்கூரத்தின் மேல் கிரீடம் ஏறியது 1812இல். கிரீடத்தின் வடிவமும் பேசும்: மேல் வளைவுகள் நடுவில் தாழாமல் உருண்டு நின்றால் 1901 முதல் 1952 வரையான மன்னர் காலத்தது, நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருந்தால் எலிசபெத் ராணியின் காலம். விக்டோரியா காலத்துக் கிரீடம் இரண்டிலும் சேராது; அதைப் படத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களுக்கு நடுவே கிரீடத்தை ஏந்திய சிங்கம் கிடைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்.

இன்னொரு எச்சரிக்கை. பட்டாளப் பொத்தான் நிறையக் கிடைக்கும் வயலில் போர் நடந்தது என்று முடிவு கட்டாதீர்கள். யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளின் கந்தல் கழிவை ‘ஷாடி’ என்ற பெயரில் உரமாக வாங்கி வயலில் கொட்டியிருக்கிறார்கள், கென்ட் பக்கத்தில் பீருக்கு வளர்க்கும் ஹாப் தோட்டங்களில் குறிப்பாக. பழைய சீருடைகளோடு பொத்தான்களும் வண்டியேறி வந்தவைதான்.

8. பக்கிள்

பக்கிளில் பார்க்க வேண்டியவை மூன்று: சட்டத்தின் வடிவம், நாக்கு மாட்டிய தண்டு, பக்கவாட்டில் பார்த்தால் வளைவு உண்டா.

ஒரே ஒரு வளையம், நாக்கு மாட்டும் தண்டு மட்டும் மெலிந்து, எதிர்ப்பக்கம் தடித்து, நாக்கு வந்து படிய ஒரு பள்ளம் என்றால் 13, 14ஆம் நூற்றாண்டுப் பக்கம் யோசிக்கலாம். நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் முட்டை வடிவம், மூக்குக்கண்ணாடிச் சட்டம் மாதிரி இருந்தால் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 17 வரை. வயலில் மிகுதியாகக் கிடைப்பது இதுதான்.

சட்டத்தின் இரு பக்கமும் ஊசித்துளை, துளைக்குள் துருப்பிடித்த இரும்பு எச்சம் இருக்கிறதா? அப்படியானால் தண்டைத் தனியாகச் செய்து சொருகியிருக்கிறார்கள், அது 1660க்குப் பிந்திய வேலை. சட்டம் பாதத்தின் மேடுக்கு ஏற்ப வளைந்திருந்தால் காலணிப் பக்கிள். தொடக்கத்தில் சின்னது, 1770, 80களில் கையகலம் வரை ஊதிப் பெருத்தது, 1790களில் காலணிக்கு நாடா வந்ததும் சட்டென்று அடங்கிப்போனது. இதே வேலைப்பாட்டில் சின்னதாக இருந்தால் முழங்கால் பக்கிள்.

இப்போது ஏமாற்றுகிறவை. கனத்த, தட்டையான, உருளை வைத்த பக்கிள் குதிரைச் சேணத்துடையது, உடைக்கணக்கில் சேராது. மெல்லிய தகட்டில் கூரான பற்களோடு, ‘பாரிஸ்’, ‘பிரெவெத்தே’ என்று பிரெஞ்சில் எழுதிய சிறு பக்கிள் கிடைத்தால் பிரெஞ்சுப் பிரபு ஒருவர் இந்த வயலைக் கடந்து ஓடினார் என்று கதை கட்டாதீர்கள். வெயிஸ்ட்கோட்டின் முதுகுப் பட்டையை இறுக்கும் 19ஆம் நூற்றாண்டு மலிவுச் சாமான் அது. பாம்பு வடிவக் கொக்கியும் 19ஆம் நூற்றாண்டு பெல்ட்டுதான், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

9. கொக்கிகள், புரோச்சுகள், குப்பை என்று எறியப்படுபவை

சிறிய தகடு, ஒரு முனையில் வளைந்த கொக்கி. இந்த ஒரே விவரிப்புக்குள் இரண்டு வேறு காலங்கள் ஒளிந்திருக்கின்றன. தகட்டின் மறுமுனையில் தைப்பதற்கு இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் ஆங்கிலோ-சாக்சன் காலக் கொக்கி, 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. துளைக்குப் பதில் பட்டை கோக்கும் வளையமோ குறுக்குத் தண்டோ இருந்து, முகம் புடைப்பு அலங்காரமாக இருந்தால் 16ஆம் நூற்றாண்டு டியூடர் கொக்கி. டியூடர் கொக்கிகள் வெள்ளியிலும் பொன்முலாமிட்ட வெள்ளியிலும் நிறைய வரும். அப்படி வந்தால் 11ஆம் படிக்கு நேரே போங்கள்.

புரோச்சிலும் முதுகுதான். வில்லாக வளைந்த உடல், கீழே ஊசி முனை தங்கும் தகட்டு மடிப்பு, தலையில் சுருளோ கீலோ என்றால் ரோமானியக் காலம் அல்லது அதற்குச் சற்று முன். தட்டையான வார்ப்பு, தலைக்குப் பின்னால் துளையிட்ட காது, அதில் இரும்புத் துரு என்றால் ஆங்கிலோ-சாக்சன் பக்கம். வெறும் வளையம், ஓரிடத்தில் மட்டும் ஊசி சுழல மெலிவு என்றால் 13, 14ஆம் நூற்றாண்டு. நசுங்கிய இந்த வளையத்தைப் பக்கிள் என்று எண்ணி ஒதுக்குகிறவர்கள் ஏராளம்.

கிழக்கு ஆங்கிலியா, லிங்கன்‌ஷயர் பக்கம் தேடுகிறவர்கள் மணிக்கட்டுக் கொளுக்கிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு துண்டில் கொக்கி, மறு துண்டில் அதற்கான பிளவு, ஓரத்தில் தையல் துளைகள். பெண்களின் நீளக்கை உடையில் மணிக்கட்டை மூடியவை. 5ஆம் நூற்றாண்டின் இறுதியும் 6ஆம் நூற்றாண்டும்.

அந்தச் சுருட்டிய தகட்டுக்கு வருகிறேன். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை குறுகல், நெடுக ஒரு மடிப்பு. நாடா முனையில் இறுக்கிய உறை அது, இன்றைய ஷூ லேஸ் நுனியில் பிளாஸ்டிக் இருக்கிறதே அதன் மூதாதை. இடைக்காலத்தின் இறுதியிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை. உள்ளே நூல் எச்சம்கூட இருக்கலாம், குச்சியை விட்டுக் குடையாதீர்கள்.

10. ஒப்பிட்டுப் பார்க்க, கேட்க

பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் இணையத் தரவுத்தளத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. இலவசம். படத்தை மட்டும் மேய்ந்தால் மூழ்கிப் போவீர்கள். பொருள் வகை, காலம், மாவட்டம் என்று வடிகட்டுங்கள். ஒன்றே ஒன்று ஒத்துப்போனால் நம்ப வேண்டாம், நான்கைந்து பதிவுகள் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஏலத் தளங்களில் விற்பவர் போடும் தலைப்பைக் காலத்துக்கு ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. அங்கே எல்லாமே ரோமானியம்தான்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பதிவு அலுவலர் இருக்கிறார். மின்னஞ்சலில் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று படம், அருகில் அளவுகோல், எடை, கட்டக் குறியீடு எல்லாம் சேர்த்து அனுப்பினால் வேலை சுலபம். அவர்கள் பொதுவாகப் பதிவது 300 ஆண்டுக்கு மேற்பட்டவற்றை. டப்பா நிறைய 19ஆம் நூற்றாண்டுப் பொத்தானோடு போய் அவர் நேரத்தை வாங்காதீர்கள். பொருளைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், திரும்ப வரச் சில மாதம் ஆகும். துல்லியமான இடம் பொதுமக்களுக்குத் தெரியும்படி வெளியாகாது. இதை நிலக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர் பயம் பாதி போகும்.

11. புதையல் சட்டம், 14 நாள்

துணியை மாட்டிய ஒரு கொக்கி புதையலாகுமா என்றால், ஆகும். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டெடுத்த நாளில் 300 ஆண்டுப் பழமையும் எடையில் பத்து சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ உள்ள, காசு அல்லாத பொருள் ஒற்றையாக இருந்தாலும் புதையல். எனவே வெள்ளி டியூடர் கொக்கி புதையல். இரண்டு இதயமும் மேலே கிரீடமும் பொறித்த 17ஆம் நூற்றாண்டு வெள்ளி இணைப்புப் பொத்தானும் புதையல். இரண்டாம் சார்ல்ஸின் 1662ஆம் ஆண்டுத் திருமணத்தோடு சேர்த்துப் பேசப்படும் வகை அது, பாதியாக உடைந்திருந்தாலும் கணக்கில் வரும். 1780இன் வெள்ளிக் காலணிப் பக்கிள் வயதில் தவறிவிடும். பொன்முலாமிட்ட செம்புப் பொத்தான் பத்து சதவீதத்தை எட்டாது. ஜூலை 30, 2023 முதல் இன்னொரு விதியும் உண்டு: 200 ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகம் உள்ள, தனித்த முக்கியத்துவம் வாய்ந்த பொருள் எந்த உலோகமானாலும் புதையலாகலாம். அந்த முக்கியத்துவத்தைத் தீர்மானிப்பது நாமல்ல, ஆகவே சந்தேகம் வந்தால் காட்டிவிடுங்கள்.

கெடு 14 நாள். கண்டெடுத்த நாளிலிருந்து, அல்லது இது புதையலாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து. சட்டப்படி கரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும், நடைமுறையில் பதிவு அலுவலர் வழியாகவே போகும். மின்னஞ்சலில் அறிவித்து அதைச் சேமித்துவையுங்கள். மறைத்தால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம் தனி. அதன்பின் அருங்காட்சியகம் ஏதாவது கேட்டால் விசாரணை, மதிப்பீட்டுக் குழு, வெகுமதி என்று ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். வெகுமதி வழக்கமாக உங்களுக்கும் நிலக்காரருக்கும் பாதிப்பாதி. யாரும் கேட்காவிட்டால் பொருள் திரும்பி வரும். பணத்தை எண்ணிக் காத்திருக்காதீர்கள், சின்ன வெள்ளிக் கொக்கிக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது.

12. ஊருக்குக் கொண்டுபோகலாமா?

‘மாமாவுக்கு ஒரு ஜார்ஜ் காலத்துப் பொத்தான் கொண்டுபோகலாம்’ என்று தோன்றும். பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை, விலை ஒரு பவுண்டு தேறாவிட்டாலும், ஏற்றுமதி உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. உரிமம் தருவது ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து. விண்ணப்பத்தோடு நிலக்காரரின் கடிதமும் பதிவு எண்ணும் இருந்தால் கேள்விகள் குறையும், ஆகவே டிக்கெட் போடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

டிடெக்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊரில் போய் ஒரு கை பார்க்கலாம் என்ற யோசனை இருந்தால் அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நிற்கிறது, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் அறிவிக்க வேண்டும். இலங்கையில் தொல்லியல் திணைக்களத்தின் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதே குற்றம், புதையல் தேடியதாகக் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன.